காபிக் கோப்பையில ஒரு காலி நாற்காலி

ஃப்ரெஸ்னோ ஊரை விட்டுக் கிளம்பறப்பவே வாஹ்ராம் சபதம் எடுத்துட்டாரு. தலையே போனாலும் சரி, குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டின கதை பொண்டாட்டி சிரானுஷ் காதுக்குப் போகக்கூடாது.

இதுவரைக்கும் போகல. லைசென்ஸைப் புடுங்கினாங்களா? "கண்ணு டாக்டர் ஓட்ட வேணாம்னுட்டாரு"ன்னாரு. வியாழக்கிழமை தோறும் குடிகாரங்க வகுப்புக்குப் போன்னு நீதிபதி சொன்னாரா? "சர்ச்சுப் பாட்டுக் குழுவில சேர்ந்துட்டேன்"ன்னாரு. மனுஷன் குளிக்கறப்ப பாடினா பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி ஓடும். சிரானுஷ் ஒரு பார்வை பாத்தா. ஒண்ணும் கேக்கல.



இப்ப மக வீட்டுப் பக்கமா க்ளெண்டேலுக்குக் குடி வந்தாச்சு. ஆளு வந்தா போதுமா, வகுப்பும் வரணும்ல? இங்க மாத்திக்கலைன்னா கேஸ் திரும்ப நீதிபதிகிட்டயே போயிடும்னு ஃப்ரெஸ்னோ வகுப்பம்மா மிரட்டி அனுப்பியிருந்தா. வாஹ்ராம் பாத்ரூமுக்குள்ள பூந்து, குழாயைத் திறந்துவிட்டு, போனைப் போட்டாரு.

"ஹலோ... வகுப்பை மாத்தணும்..."

"சத்தமா பேசுங்க சார், மழை பெய்யுதா அங்க?"

கதவு டொக் டொக்.

"உள்ள யாருகிட்ட பேசற மனுஷா?"

"பாடிப் பாக்கறேன் ஜான்!" அவங்க பாஷையில ஜான்னா செல்லம்னு அர்த்தம்.

"பாடினா நாய் வேலி தாண்டுமே. சத்தத்தையே காணோம்?"

போனை வெச்சுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் சிரானுஷ் காபி போட்டா. குடிச்சதும் அவரு கோப்பையைத் தட்டுல கவுத்து, ஆறவிட்டு, நிமித்திப் பாத்தா. அவங்க ஆளுங்க வீட்டுல கோப்பையில படிஞ்ச காபிக் கசடைப் பாத்துக் குறி சொல்றது வழக்கம்தான்.

"ஒரு நாற்காலி தெரியுது. காலி நாற்காலி."

வாஹ்ராம் எட்டிப் பாத்தாரு. "அப்புறம்?"

"சுத்தி வட்டமா என்னமோ."

வகுப்புல நாற்காலியெல்லாம் வட்டமாத்தானே போட்டிருப்பாங்க!

மறுநாளும் அதே நாற்காலி. "யாரோ உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னா. அவருக்குச் சோறு இறங்கல. இவளுக்கு எவனோ சொல்லியிருக்கான். தெரிஞ்சுக்கிட்டு, கோப்பை மேல பழியைப் போட்டு நாடகம் ஆடறா. நாளைக்குக் கையும் களவுமா புடிக்கிறேன் பாருன்னு கறுவிக்கிட்டாரு.

மூணாம் நாள் சாயங்காலம் காபி குடிச்சாங்க. ரெண்டு கோப்பையும் கவுந்துச்சு. அவ அடுப்பை அணைக்க எழுந்து போன நேரம், டக்குனு தன் கோப்பையை அந்தப் பக்கம் தள்ளிட்டு, அவ கோப்பையை இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டாரு.

வந்தா. எடுத்தா. உத்துப் பாத்தா.

"நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. நீ போயே ஆகணும் வாஹ்ராம் ஜான்."

"மாட்டினியா!" வாஹ்ராம் மேஜையைத் தட்டினதுல ஸ்பூன் எகிறிச்சு. "இது உன் கோப்பைடி! மாத்தி வெச்சதே நான்தான்! என் வகுப்பு உன் கோப்பையில எப்படி வரும்? சொல்லு! ஃப்ரெஸ்னோக்காரி போன் பண்ணினாளா? இல்ல, நீதிபதி ஆபீஸ்லேருந்து சொன்னாங்களா?"

சிரானுஷ் கோப்பையை மெதுவா கீழ வெச்சா.

"எந்த வகுப்பு? எந்த நீதிபதி?"

வாஹ்ராம் வாயைப் பொத்தினாரு. காலம் கடந்துபோச்சு.

"எங்கம்மா மூணே மூணுதான் சொல்லிக்குடுத்தா. நாற்காலி, வட்டம், காத்திருக்கற ஆளு. எவன் கோப்பைக்கும் இதையே சொல்லு, மிச்சத்தை அவனே கக்குவான்னா. உனக்கு வேற எவளோ ஒருத்தி இருக்கான்னுல்ல நான் நெனச்சேன்! கக்கு, முழுசா."

கக்கினாரு. ஞானஸ்நான விருந்துல அடிச்ச முசுக்கட்டைப் பழச் சாராயத்துலேருந்து எல்லாத்தையும். அவ கத்துவா, கரண்டி பறக்கும்னு தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அவ போனை எடுத்தா. தானே பேசினா. நல்லா சத்தமா, குழாயும் இல்லாம, வகுப்பை மாத்தி முடிச்சா.

"வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போய் வாசல்ல உக்காந்திருப்பேன்."

வாஹ்ராமுக்கு உசுரு வந்துச்சு. "இவ்வளவுதானா ஜான்? கோவம் இல்லியா?"

"கோவம் எதுக்கு? ஃப்ரெஸ்னோவுல பெரிய பாடகர்னு இங்க பாதிரியார்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசையில நீதான் தனியா பாடற."