அடைத்தால் பாடும் குழாய்

மதிப்பும் பாசமும் உள்ள பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் கைகூப்பி எழுதுவது. நான் சௌக்கியம். நீங்களும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதுவரை உங்களுக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல உங்கள் தங்கை எழுதியவை. இது நானே எழுதுவது. மாலை வகுப்பில் படித்தது வீண்போகவில்லை.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை என்மேல் கோபித்துக்கொண்டு அங்கே வந்துவிட்டாள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். (இந்த 'ஞா' ஒன்றுக்கே பாதித் தாள் கிழிந்துபோயிற்று.) அவள் பக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் புதிதாக ஒரு வெள்ளி நிறக் குழாய் வைத்திருக்கிறார்கள். இடுப்பு உயரம், முதுகு நெடுக வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் பீச்சி அடிக்கிறது. ஆயுசு முழுக்கக் குழாய் ரிப்பேர் செய்தவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும், சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு போர்டு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'துளைகளை அடைக்கவும்' என்றிருந்தது. போர்டே என்னை வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி மனசு குளிர்ந்துவிட்டது மச்சான். கீழே இன்னொரு வரியும் இருந்தது, அதைப் படித்து முடிக்கும்வரை தண்ணீர் வீணாகலாமா? வீட்டுக்கு ஓடி, பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்துவந்து, ஒவ்வொரு துளையாக இறுக்கிக் கட்டினேன். கட்டக் கட்டக் குழாய் முனகியது. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று இன்னும் இறுக்கினேன். கடைசித் துளையைக் கட்டியதும் கப்பல் கிளம்புகிற மாதிரி ஒரே ஊளை. பெஞ்சில் தூங்கியவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். காவலாளி விழுந்தடித்து ஓடிவந்தார்.

"யோவ் பெரியவரே, என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"போர்டுல போட்டிருக்கு, செஞ்சேன்."

"கீழ என்ன போட்டிருக்கு, படிச்சியா?"

"மேல படிக்கவே மூச்சு வாங்கிருச்சு, தம்பி."

அவரே படித்துக் காட்டினார். 'விரல் போதும். பாட்டு வரும்.'

அது ஒரு வாத்தியமாம் மச்சான்! கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவிழ்க்க அவிழ்க்க ஒவ்வொரு சத்தமாகக் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு சுரம் தனியாக நின்றது. அதை அவிழ்க்கக் கை வரவில்லை. நான் அடைத்த குழாயெல்லாம் அதோடு வாயை மூடிக்கொள்ளும். இது ஒன்றுதான் அடைத்தால் வாயைத் திறக்கிறது.

அன்றிலிருந்து தினமும் போய்விடுகிறேன். லேசாக மூடினால் கெஞ்சுகிறது, அழுத்தி மூடினால் அதட்டுகிறது. வீட்டிலும் பழகலாமே என்று சமையலறைக் குழாயில் விரலை வைத்ததுதான் தப்பாகப் போயிற்று. அரிசி நனைந்தது, காலண்டர் நனைந்தது, உங்கள் தங்கையின் ரேடியோ இருமிக்கொண்டே அடங்கிப்போயிற்று. அவள் வாசலில் நின்று நீளமாக என்னமோ சொன்னாள். 'அண்ணன் வீட்டுக்குப் போறேன்' என்பது மட்டும் காதில் விழுந்தது.

வருகிற ஞாயிறு பூங்காவில் குழந்தைகளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். துணி உலர்த்தும்போது உங்கள் தங்கை முணுமுணுப்பாளே, அந்தப் பாட்டைத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். முதல் வரி விரலில் வந்துவிட்டது. இரண்டாவது வரி அவளிடம் இருக்கிறது. இத்தனை காலம் ஒரே வீட்டில் கேட்டும் ஒரு வரிக்குமேல் காது கொடுக்காமல் இருந்திருக்கிறேன் பாருங்கள். ரேடியோ புதிதாக வாங்கித் தருகிறேன். சமையலறைக் குழாயை இனித் தொடமாட்டேன். அவள் வந்து முன்னால் நின்றால் போதும். நின்று பாட வேண்டாம், திட்டினாலும் சரி.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
தானே எழுதிய உங்கள் மச்சான்

பி.கு. நாலு நாளாக எழுதி முடித்து, இன்று சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் உங்கள் தங்கை பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "'கோபித்துக்கொண்டு'ன்னு தப்பில்லாம எழுதியிருக்கீங்க. ஆனா கோவிச்சுக்கிட்டது யாரு? அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன், பார்த்துட்டு சனிக்கிழமை வந்துடுறேன்னு வாசல்ல நின்னு கத்தினேனே! குழாயைத் திறந்துவிட்டுட்டு என்னத்தைக் கேட்டீங்க?" என்கிறாள். ரேடியோ போன மாசத்திலிருந்தே இருமிக்கொண்டுதான் இருந்ததாம், தண்ணீரால் கெடவில்லையாம். சரி, அந்த இரண்டாவது வரியையாவது சொல் என்றேன். "அது தெரிஞ்சா நான் ஏன் முதல் வரியையே சுத்திச் சுத்திப் பாடிட்டிருக்கேன்?" என்று சிரிக்கிறாள். ஆகவே மேலே எழுதிய கெஞ்சல், மன்னிப்பு, ரேடியோ எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசிப்பதாக முடிவு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "கிழிப்பீங்களா? எங்க அண்ணன் இதை அண்ணிக்குச் சத்தமா படிச்சுக் காட்டணும்" என்று உறையை ஒட்டப் பசை எடுக்கப் போயிருக்கிறாள்.