பெண் பார்க்கப் போன இடத்தில் விரலை நீட்டிய கதை

கெட்ட பழக்கம் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதைப் பெரியவர்கள் எதிரில் மறைத்துவைக்க அவர்களுக்குத் தெரியும். நல்ல பழக்கத்துக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. எந்த ஊர், யார் வீட்டுக் கூடம் என்று பார்க்காமல் வெளியே வந்து நிற்கும். என்னுடைய நல்ல பழக்கங்கள் மொத்தமாக வெளியே வந்தது வாலாஜாபாத்தில், நான் பெண் பார்க்கப் போன வீட்டில்.

அப்போது நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன் (இப்போதும் அதே வேலைதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது). நாள் முழுக்க உட்கார்ந்து முந்தானைக்கு மயில் வரைவேன். மயிலின் இடுப்பு மெலிய மெலிய என் இடுப்பு பருத்துக்கொண்டே போனது. ஒருநாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். பேன்ட் பட்டன் தெறித்து, எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியின் டீ டம்ளருக்குள் விழுந்தது. அவர் பட்டனை எடுத்து என்னிடம் நீட்டினார். டீயைக் குடிக்கவில்லை.

அன்றைக்கே உடம்பைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். குரு, செல்போன் வீடியோவில் வரும் ஒருவர். தட்டையான வயிறு, பளீரென்ற பல். தண்ணீர் நிறையக் குடி, சர்க்கரையைக் குறை, நன்றாக மென்று தின்னு, சாப்பிட்டதும் கொஞ்சம் நட என்பார். பாவம், அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விவரமுள்ளவன் ஒவ்வொன்றாக, அளவோடு ஆரம்பிப்பான். நான் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் சேர்த்து, அளவே இல்லாமல் ஆரம்பித்தேன். குழந்தையைத் தூக்கிக்கொள்வது போல ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் எப்போதும் என் இடுப்பில் இருக்கும்.

"இன்னாடா இது, லாரிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி ஊத்திக்கினே இருக்க?" என்பாள் அம்மா.

"உடம்புல இருக்கிற அழுக்கெல்லாம் போவுதும்மா."

"மனசுல இருக்கிறது போவறதுக்கு எதுனா சொன்னாரா உங்க ஆளு?"

இந்த நேரத்தில்தான் வாலாஜாபாத் வரன் வந்தது. பெண்ணின் பெயர் யமுனா. அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சிரிப்பு வந்து, போட்டோ எடுப்பவருக்காக அதை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். ஏற்கெனவே கைக்கு வந்த சில இடங்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மா கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அங்க போயி உன் வைத்தியத்தெல்லாம் காட்டாத. குடுக்கறதத் தின்னு. கேக்கறதுக்கு பதில் சொல்லு. அவ்ளோதான்."

சரி என்று தலையாட்டினேன். வயிறு உள்ளடங்கித் தெரிய வேண்டுமென்று காலை டிபனைத் தவிர்த்தேன். பசி தெரியாமலிருக்க, அம்மாவும் தாய்மாமனும் நானும் காரில் போகும்போதே பாட்டிலைக் காலி செய்தேன்.

விளைவு, அந்த வீட்டு வாசலில் நான் பேசிய முதல் வார்த்தை வணக்கம் அல்ல.

"பாத்ரூம் எங்கங்க?"

யமுனாவின் அப்பா ரைஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தமான மனிதர். "தாராளமா போங்க தம்பி. சமையல்கட்டு வழியா பின்னால போனீங்கன்னா இருக்குது" என்று கதவைக் காட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. கேசரி நெய்யில் மினுமினுத்தது. என் வயிறு அதைப் பார்த்து உறுமியது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "நான் சர்க்கரை சேர்த்துக்கறதில்லீங்க" என்றது.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஜ்ஜியையே பொரிக்கலாம். அவசரமாக ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டேன்.

"வேலையெல்லாம் நிரந்தரம்தானே தம்பி?" என்று கேட்டார் யமுனாவின் அப்பா.

நான் மென்றேன். மாவாகும்வரை மென்றுதான் விழுங்க வேண்டும், வாயில் சோறு இருக்கும்போது பேசக் கூடாது என்பது குருவின் கட்டளை. அவர் காத்திருந்தார். நான் இன்னும் மென்றேன். நல்ல வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன் பதில் தேடுவது போல அது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் மாமாதான், "நிரந்தரம்தாங்க, நிரந்தரம்தாங்க" என்று என் சார்பில் பதில் சொன்னார்.

யமுனா காபி கொண்டுவந்தாள். போட்டோவில் இருந்த அதே முகம். ஏதாவது நயமாகப் பேச வேண்டுமென்று நிமிர்ந்தேன்.

"எனக்குச் சர்க்கரை இல்லாம கிடைக்குமாங்க?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சர்க்கரை போடாத காபியைக் கொண்டுவந்து வைத்தாள். பதற்றத்தில் பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். மறுபடி பின்பக்கம் போனேன். வந்ததும் உட்காராமல், சாப்பிட்டால் நடக்க வேண்டுமே என்று வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தேன்.

நான் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே நடந்த பேச்சு, மாமா பின்னால் சொல்லித் தெரிந்தது.

"தம்பிக்கு இது எவ்ளோ காலமா?" என்று யமுனாவின் அப்பா தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்.

அவர் என் உடற்பயிற்சியைப் பற்றிக் கேட்கிறார் என்று மாமாவுக்கு ஒரே பூரிப்பு. "இப்பதாங்க, கொஞ்ச நாளா. ரொம்ப கண்ட்ரோலா இருக்கான்."

"அடப்பாவமே. அவங்க அப்பாவுக்கும் இருந்துச்சா?"

"சேச்சே, அவருக்கு இந்த மாதிரி ஒழுக்கமெல்லாம் வராதுங்க."

இது எதுவும் தெரியாமல் நான் மூன்றாம் முறையாகப் பின்பக்கம் போனேன். கையைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது சமையல்கட்டில் யாருமில்லை. அடுப்பு மேடையில் கேசரிச் சட்டி மட்டும் இருந்தது. மூடிகூட இல்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் முன்னால் ஒரு கேசரிச் சட்டியைத் திறந்துவைப்பது எந்த விதத்தில் நியாயம்? ஒரு பிடி அள்ளி வாயில் அடைத்தேன். (இதை மட்டும் மெல்லவில்லை.) விரல்களை நக்கி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, துறவியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

டீப்பாயின் மேல் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி திறந்திருந்தது. வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மெஷின்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி" என்றார் யமுனாவின் அப்பா. "எனக்கே சுகர் இருக்குது. அதை நா ஒரு குறையா சொல்ல மாட்டேன். தண்ணி தாகம், அடிக்கடி போறது, இனிப்பு ஒதுக்கறது, நடக்கறது, எல்லாம் பாத்தேன். பொண்ணு வாழ்க்கை பாருங்க, மறைக்காம சொல்லியிருக்கலாம்."

அம்மா எழுந்துவிட்டாள். "எம்புள்ளைக்குச் சுகரா? யாருங்க சொன்னது? அவன் நல்லாக்கீறான்!"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் யமுனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீரம் வந்துவிட்டது.

"இருங்கம்மா. சார், நீங்களே செக் பண்ணிக்கங்க" என்று விரலை நீட்டினேன்.

அவர் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்தார். மெஷினைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நம்பரே வரவில்லை. அளவு எல்லை மீறிப்போனால் 'ஹை' என்று காட்ட, அதில் எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வருமாம். அதுதான் வந்திருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "ஹாய்னு சொல்லுதுங்களே! நல்ல சகுனம்."

"சகுனமா? எனக்கே இவ்ளோ வந்ததில்லீங்க" என்றார் யமுனாவின் அப்பா. "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க. வண்டி இருக்குதுல்ல?"

அம்மா பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். எனக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. கால் மரத்துப்போவது போலவும், கண் மங்குவது போலவும் இருந்தது. கல்யாணம் போகட்டும், நான் கார் வரைக்கும் உயிரோடு போவேனா என்ற கவலை வந்துவிட்டது.

"அப்பா, கை கழுவச் சொன்னியா?"

யமுனாதான். எல்லோரும் திரும்பினோம்.

"விரல்ல இனிப்பு ஒட்டிக்கினு இருந்தா மெஷின் அதையும் சேத்து எண்ணிடும்பா. எங்க லேபுல முதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவ வெச்சிட்டுதான் குத்துவோம்."

"நான்தான் இனிப்பே தொடறதில்லையே" என்றேன். அந்த நிலையிலும் கொள்கையை விடவில்லை.

"சட்டைல முந்திரிப்பருப்பு ஒட்டிக்கினு இருக்குதுங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பாக்கெட்டுக்குப் பக்கத்தில், நெய்யில் பொன்னிறமாக வறுபட்ட ஒரு முந்திரி, பதக்கம் குத்தியது போல உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. யமுனாவின் அம்மா என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்பைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார். வேறொரு விரலில் குத்தினார்கள். இந்த முறை நம்பர் வந்தது. நல்ல நம்பர்.

"நார்மல்" என்றார் யமுனாவின் அப்பா. நிம்மதியில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நா சொல்லல? எம்புள்ளைக்குச் சர்க்கரை கிடையாதுங்க. திருட்டுத்தனம்தான் இருக்குது."

யமுனா அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போது உடைந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். கூடம் வரைக்கும் கேட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா என் சட்டையையே முறைத்துக்கொண்டு வந்தாள். இந்த இடமும் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் அங்கிருந்து போன் வந்தது. சம்மதம் என்றார்கள். அம்மாவால் நம்ப முடியாமல், பெண்ணைக் கேட்டுத்தான் சொல்கிறீர்களா என்று விசாரித்திருக்கிறாள். யமுனாவே போனை வாங்கி, "மத்தவங்கல்லாம் ஜாதகத்த மட்டுந்தான் குடுத்தாங்க அத்தை. இவருதான் ரத்தமே குடுத்தாரு" என்றாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு என் பழக்கங்களை அவள் ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினாள். தாகமெடுத்தால் தண்ணீர், காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை, சாயங்காலம் இரண்டு பேருமாகக் கோயில் மாடவீதியில் ஒரு நடை. கேசரி செய்தால் தட்டில் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி கொடுக்கிறாள். என் இடுப்பும் மயில் அளவுக்கு இல்லாவிட்டாலும் மனித அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் வாலாஜாபாத் வீடு மட்டும் இன்னும் மாறவில்லை. யமுனாவின் தங்கை கணவர் போனால் வாசலிலேயே சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, "வாங்க மாப்ள" என்கிறார்கள். என் தலை தெருமுனையில் தெரிந்ததும் மாமியார் உள்ளே ஓடிப்போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்து, பாத்ரூம் விளக்கைப் போடுகிறார். அதற்கப்புறம்தான் வந்து "வாங்க" என்கிறார்.