ஊசி படாத அனுபவஸ்தர்

வைத்தியர், நோயாளி என்று உலகத்தில் இரண்டே இனம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தனக்கு வலி வந்தால் மூச்சு விடாது. அடுத்தவருக்கு வந்தால் ஆளை விடாது. பேருந்து நிறுத்தத்தில் கழுத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பக்கத்தில் வந்து நிற்கும். "அக்குபஞ்சர் பண்ணிப் பாத்தீங்களா?"

நம்முடைய ஆள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் கீழே நிற்பது அவருக்குத் தொழிலிலேயே பழக்கம். வெறும் வயிற்றோடு போகாதே, அதற்காக வயிறு முட்டவும் தின்னாதே, தொளதொளவென்று சட்டை போட்டுக்கொள், நாக்கை நீட்டச் சொன்னால் வெட்கப்படாதே, நாடி பார்க்கும்போது வாயை மூடு, ஊசி தலைமுடி மாதிரிதான் இருக்கும், எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், பிறகு அந்த இடம் கொஞ்சம் கனக்கும், அதற்கப்புறம் ஒரு தூக்கம் வரும் பார், அடடா, என்று அவர் கண்ணை மூடிச் சொல்லும்போது, கேட்பவருக்கு அங்கேயே கொட்டாவி வந்துவிடும்.

எல்லாம் சரி. இவர் எத்தனை ஊசி குத்திக்கொண்டார்?

ஒன்றுகூட இல்லை.

போன வருஷம் தன் வலது தோள் வலிக்காக அக்குபஞ்சர் மருத்துவமனைக்குப் போனார்தான். காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் காது குளிரக் கேட்டார். பிறகு கதவிடுக்கில் யாரோ ஒருவரின் பாதம் தெரிந்தது. பாதத்தில் ஊசிகள் தெரிந்தன. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கியவர், வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒண்ணுமே தெரியல" என்றார். பொய்யில்லைதான். அன்றிலிருந்து மனைவிதான் சட்டை மாட்டிவிடுகிறாள். கேட்டால் அன்பு என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மைத்துனனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். இருக்கையில் உட்கார முடியவில்லை என்றால் வேலை போய்விடும். ஆனால் ஊசி என்றால் அவனுக்குக் கைகால் உதறும். "நீங்கதான் அனுபவப்பட்டவராச்சே, கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மருத்துவமனையில், ஊசி குத்தும் கட்டில் அறை வாசலில் மைத்துனன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே வரமாட்டானாம். அத்தானுக்குக் குத்துவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதானாம்.

மருத்துவர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுக்குப் பழக்கம்தானே? வலது தோளைத் தூக்க முடியல போலிருக்கே, அதையும் பாத்துடலாம். சம்மதமா?"

மாட்டேன் என்றால் மைத்துனன் ஓடிவிடுவான். அவனுக்கு முன்னால் ஒரு வருஷப் புளுகு ஓடி அக்காள் காதில் விழுந்துவிடும். "சம்மதம்" என்றார். அந்தச் சொல்லே ஊசி கனத்துக்குத்தான் வெளியே வந்தது.

நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஒரு வருஷமாக ஓயாமல் உழைத்த நாக்கு, இன்று மட்டும் வெளியே வர மறுத்தது. நாடியைப் பிடித்த அம்மாள், மாடிப்படி ஏறி வந்தீர்களா என்று விசாரித்தார். இல்லை, லிஃப்டில்தான். கண்ணை இறுக மூடிப் படுத்தார். கத்துவதாக இருந்தாலும் கௌரவமாகக் கத்த வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார்.

"எப்பம்மா குத்துவீங்க?"

"எல்லாம் குத்தியாச்சே."

வாசலிலிருந்து மைத்துனன், "உங்களுக்கே தெரியலையா அத்தான்?" என்றான்.

"அம்மாவோட கைராசியைச் சோதிச்சேன் மாப்ளே."

"பேசாதீங்க," என்றார் அம்மாள். "நான் வந்து எடுக்கிறவரைக்கும் அசையவும் கூடாது."

பேசக் கூடாதா? ஊசியில் இல்லாத வலி இதில் இருந்தது. சொல்ல எவ்வளவோ வந்தது: கை கனத்தது, தோளுக்குள் ஏதோ இளகியது, தான் சொல்லித் திரிந்ததெல்லாம், அட, உண்மைதான் போலிருக்கிறது. சொல்ல ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் தூங்கிப்போனார். அந்தக் குறட்டை காத்திருப்போர் அறைவரை கேட்டது.

அம்மாள் ஊசிகளை எடுத்துவிட்டு எழுப்பியபோது கை காதுவரை போனது. உச்சந்தலைக்கு இன்னும் எட்டவில்லை, பரவாயில்லை. முதல் முறையாகச் சொந்த அனுபவம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சுடச்சுடச் சொல்லிவிட வேண்டும் என்று வெளியே பாய்ந்தார்.

அங்கே மைத்துனன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, நாற்காலிக்காரர்களுக்கு நடுவில் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுங்க. அப்புறம் ஒரு தூக்கம் வரும் பாருங்க…"

வந்ததே ஒரு கோபம் நம் ஆளுக்கு. ஊசியே குத்திக்கொள்ளாதவன் பேசுகிற பேச்சைப் பார்.

"அடுத்தது நீங்க," என்று அம்மாள் கதவைத் திறந்தார். மைத்துனன் படிக்கட்டைப் பார்த்தான். நாற்காலிகளைப் பார்த்தான். அத்தனை பேரும் அவனை அவ்வளவு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி எப்படி ஓடுவது? உள்ளே போய்விட்டான்.

நீங்கள் சிரித்தது போதும். இதைப் படிக்கும்போது நடுவில் எங்கேயோ ஒரு முதுகுவலிக்காரரின் முகம் மனத்தில் வந்து போனதா? வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம், அவரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியதா? அப்படியானால் சட்டைக் கையை இப்போதே சுருட்டிவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு மைத்துனன் இருப்பான்.