அருவிக்குப் போகிற வழியில் ஒரு சாவு வீடு

ஒரே நாளில் மூன்று காரியங்களை முடித்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் கடம்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் முடிவுக்கு வந்தது. எந்த நொடியில் என்றுகூட என்னால் காட்ட முடியும். வீடியோ இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று வருடமாக அதே மிஷின், அதே கையுறை (கிழிந்தாலும் மாற்றித் தர மாட்டார்கள்), அதே "அடுத்த லிஸ்ட்டுல பாக்கலாம்பா". நிரந்தரம் செய்யப்போகிறவர்களின் லிஸ்ட் அடுத்த மாதம் வரும் என்று கேன்டீனில் பேச்சு. எனக்குப் பேசி வைத்திருந்த கல்பனாவின் அப்பா, "லிஸ்ட்டு வரட்டும், அப்பால தேதி குறிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஆக, என் வேலை, என் கல்யாணம் இரண்டுமே அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

வேலை நேரம் போக நான் ஒரு கலைஞன். (சிரிக்க வேண்டாம்.) மரண கானா பாடுவேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால், பாடை எடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடுவோம். அதில் இரண்டு விதிகள் உண்டு. இறந்தவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் பாட்டில் வரவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் உங்களை மன்னிக்காது. அப்புறம், பாடுகிறவன் பாடும் ஒவ்வொரு வரியையும் கூட இருப்பவர்கள் இரண்டு தடவை திருப்பிப் பாட வேண்டும். இந்த இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் மண் விழுந்தது இவற்றால்தான்.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் "நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங்" என்றார். அப்படியென்றால் என்ன சார் என்று கேட்டதற்கு, "பெரிய மனுஷங்க வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் முதல் ஆளா நில்லுங்க, அவ்வளவுதான்" என்றார். மற்றவர்கள் சமோசா எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

லிஸ்ட் போடுகிறவர் எச்.ஆர். மேனேஜர் பாஸ்கர் சார். ஆயுத பூஜைக்கு நான் கம்பெனியில் பாடியபோது கை தட்டி, "நம்ம வீட்டு விசேஷத்துக்கு உன்னைக் கூப்பிடறேன்பா" என்று சொன்னவர். பேச்சுக்குச் சொன்னார். நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் நான்கு நண்பர்கள் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு அருவிக்குப் போவதாக ஏற்பாடு. என்னோடு டோலக்கு வாசிக்கும் பீட்டர் செவ்வாய்க்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறான். இனி எப்போது சேர்ந்து போவோம் என்று தெரியாது என்பதால் வாடகை வேன், மசாலா தடவிய மூன்று கிலோ கோழி, எல்லாருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட அரைக்கால் சட்டை என்று தடபுடல். வேனில் ஏறப்போகும்போது கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. பாஸ்கர் சாரின் அப்பா துரைசாமி ஐயா காலமாகிவிட்டார். மதியம் கடம்பத்தூர் பக்கம் சொந்த ஊரில் எடுக்கிறார்கள்.

மற்றவர்கள் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. (இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார், நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.)

"போற வழிதான், அரை மணி நேரம்," என்றேன்.

வேனை ஓட்டிய தினேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். "டேய், அருவி வடக்க கீது. கடம்பத்தூரு தெக்கால கீது. இன்னா போற வழி?"

பீட்டர் பெருமூச்சு விட்டான். "சேகரு, செவ்வாக்கெயமை எனக்கு ஃப்ளைட்டு. அருவியப் பாக்காம போனேன்னு வையி, அங்க மணலப் பாத்துக்கினு உன்னத்தான் திட்டிக்கினு இருப்பேன்."

"என் லிஸ்ட்டுடா," என்றேன். பீட்டர் டோலக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

வாசலில் நின்ற அம்மா மட்டும் விடவில்லை. "அந்த மாரி ஊடுங்கள எனக்குத் தெரியும்டா. நாத்து நடுறப்போ வயல்ல நாம பாடுனா கேப்பாங்க. பந்தலுக்குள்ள போயிப் பாடுனா கேக்க மாட்டாங்க. வோணாம்."

காலம் மாறிவிட்டது, இதற்குப் பெயர் நெட்வொர்க்கிங் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியபாளையம் தாண்டும்போது, பாஸ்கர் சாரின் கார் டிரைவர் ஏழுமலை அண்ணனுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவரை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய் வருகிறவர் அவர்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அண்ணே, பெரியவருக்குப் புள்ளைங்க யாரு யாரு? பாட்டு கட்டணும்."

பாஸ்கர், உமா, கிரி என்று மூன்று பெயர் சொன்னார். பிறகு இருமினார். "எல்லாரு பேரும் வோணுமாப்பா?"

"எல்லாரும் வோணும்ணே. ஒரு பேரு வுட்டாலும் பாவம்."

"பாவந்தான்," என்றார். அப்புறம் "மாலதி, சுரேஷு" என்று சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார். நான் ஐந்து பெயரையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, மெட்டில் உட்காருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். அழகாக உட்கார்ந்தன.

ஊர் வந்தது. பெரிய வீடு, பெரிய பந்தல், பேண்டு செட். என் பையில் ஒரு வேட்டி இருந்ததால் நான் கட்டிக்கொண்டேன். மற்ற மூவரும் பூப்போட்ட அரைக்கால் சட்டைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, அருவியில் குளித்து அப்படியே எழுந்து வந்தவர்கள் போல நின்றார்கள். பாஸ்கர் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அசைத்து அசைத்துக் களைத்துப்போன தலை அது. நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பேண்டு செட்காரர்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில் பெரியவரின் காலடியில் உட்கார்ந்தோம். பீட்டர் தட்ட ஆரம்பித்தான். தினேஷ் போனில் வீடியோ எடுத்தான். நான் கண்ணை மூடினேன். (கலைஞர்கள் கண்ணை மூடித்தான் பாட வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது?)

முதல் நான்கு வரிகளுக்குப் பந்தலே கரைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. லிஸ்ட்டில் என் பெயர் ஏறுவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது. பிறகு பெயர் வரிகளுக்கு வந்தேன்.

"பாஸ்கரு அழுவுது, உமாவும் அழுவுது, கிரியும் அழுவுதய்யா,
மாலதி அழுவுது, சுரேசு அழுவுது, யாரு தேத்துவா?"

அழுகை நின்றது. பாட்டின் நயத்தில் மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். நண்பர்கள் விதிப்படி இரண்டாவது வரியைத் திருப்பிப் பாடினார்கள். மாலதி அழுவுது, சுரேசு அழுவுது. அப்புறம் இன்னொரு தடவை.

கண்ணைத் திறந்தேன். பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேரு சொன்னே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் பந்தலில் இருந்த சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். "அஞ்சு பேரும்மா. யாரையும் வுடல."

அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். யாரோ ஒரு சொந்தக்காரர் "யார்ரா நீ? யாரு சொல்லி வந்தே?" என்று என் சட்டையைப் பிடித்தார். பாஸ்கர் சார் அவர் கையை விலக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "கிளம்புப்பா" என்றார். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு இத்தனை அவமானமாக இருந்திருக்காது. அவர்கள் இத்தனை வருடம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த இன்னொரு குடும்பத்தை நான் பிணத்துக்கு முன்னால் மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறேன்.

வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதிருக்கும். ஷிப்ட்டிலிருந்து நேரே வந்தவள் போல, கழுத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டை. அட்டை தொங்கிய அந்த மஞ்சள் நாடா எனக்குத் தெரியும்; எந்தக் கம்பெனியானாலும் எங்கள் பக்கம் காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் அது.

"அண்ணா, நாந்தான் மாலதி."

"மன்னிச்சுடும்மா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"அதுக்கில்லண்ணா. எங்கம்மா பஸ் ஸ்டாப்புல குந்திக்கினு கீறாங்க. உள்ள வுடல. அவுங்களுக்கு நீங்க பாடுனது கேக்கல. இன்னொரு தபா பாடுறீங்களா? கொஞ்சம் சத்தமா."

நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போதே ஓடிப்போனால், திங்கட்கிழமை பாஸ்கர் சார் காலில் விழுந்தால், லிஸ்ட்டில் ஒரு ஓரமாகவாவது இடம் இருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பாடினால் அதுவும் போச்சு. கல்பனாவும் போச்சு. நான் இப்படிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பீட்டர் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணோடு நடக்க ஆரம்பித்துவிட்டான். எனவே தியாகம் எதுவும் நான் செய்யவில்லை. டோலக்கு போன பக்கம் போனேன், அவ்வளவுதான்.

மாலதியின் அம்மா சிமெண்ட் பலகையில், மடியில் ஒரு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடினேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவர் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் வரி வந்ததும், "சுரேசுக்கு இன்னும் சொல்லலப்பா. பரீட்ச எழுதிக்கினு கீறான்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் உடைந்து அழுதார். அடுத்த வரியை நான் எடுக்கவில்லை. நண்பர்கள்தான் திருப்பித் திருப்பிப் பாடிச் சமாளித்தார்கள்.

அப்போது தெரு முனையில் பேண்டு சத்தம். சுடுகாட்டுக்கு அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பாஸ்கர் சார் முன்னால் வந்தார். மாலதியின் அம்மா எழுந்து நின்றார். நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம். அடுத்து நான் மறுபடி எடுக்க வேண்டிய வரி "பாஸ்கரு அழுவுது". பீட்டரின் கை நிற்கவில்லை. என் வாயும் நிற்கவில்லை. பாடினேன். அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், நடந்து போனார். உண்மையிலேயே அழுதுகொண்டுதான் இருந்தார்.

அருவிக்குப் போகவில்லை. வெயிலில் வேனுக்குள் கிடந்த கோழி நாறிவிட்டது; வழியில் ஒரு காலி மனையில் கொட்டினோம். நாய்கூட யோசித்து யோசித்துத்தான் கிட்டே வந்தது. செவ்வாய்க்கிழமை பீட்டர் போய்விட்டான். இன்றைக்கும் மாதம் ஒருமுறை வெறும் மணலைப் படம் எடுத்து, "அருவி" என்று கீழே எழுதி எனக்கு அனுப்புகிறான்.

லிஸ்ட் வந்தது. ஒருவர் பெயரையும் விடாமல் பாடியவனின் பெயர் மட்டும் அதில் இல்லை. இரண்டு மாதத்தில் காண்ட்ராக்டும் முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்து, சோழவரத்தில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. கல்பனா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம், "யாரையும் வுடாத ஆளு நைனா, என்ன மட்டும் வுட்டுடுவாரா?" என்று கேட்டாளாம்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் மளிகை வாங்கி வந்தால்கூடப் பையைத் திறக்கும் முன் என் மகள் ஐந்து விரலை விரித்துக் காட்டுவாள். "யாரையும் வுடலையே?" என் அம்மா உள்ளேயிருந்து சிரிப்பாள். சொந்தக்காரர்கள் வீட்டில் பத்திரிகை அடித்தால் பெயர் சரிபார்க்க என்னைத் தவிர எல்லாரையும் கூப்பிடுவார்கள்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் மாலதி, "காலஞ்சென்ற துரைசாமி அவர்களின் மகள்". கீழே, தங்கள் வரவை எதிர்பார்க்கும் உடன்பிறந்தவர்கள் என்று பாஸ்கர், உமா, கிரி, சுரேஷ். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாளா என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனபோது முதல் மூன்று பேரும் அங்கே இல்லை.

ஆனால் பத்திரிகை வந்த அன்று அதெல்லாம் தெரியாது. கல்பனா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, மணப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"அஞ்சு பேரும் கீறாங்க," என்றாள். "யாரையும் வுடல."