வெறும் தொட்டில் ஆடிய வீடு

என் வீட்டில் பேய் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். டிவியில் என்னைப் பார்த்திருப்பீர்கள். சமையல் போட்டியில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்து, முதல் வாரமே வெளியேறி, தேம்பித் தேம்பி அழுத சுகுமாரன் நான்தான். தம்பதிகள் நிகழ்ச்சியில் "உங்கள் மனைவி கோபப்பட்டால் முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டதற்கு, "தெரியாது, நான் அப்போது தரையைப் பார்ப்பேன்" என்றவனும் நான்தான். எங்கள் ஊர் டத்தோ கிராமாட் பசாரில் மீன்காரர்கூட, "அழாம வாங்குங்கண்ணே" என்கிறார்.

இந்த முறை வீரனாகத் தெரியவேண்டும். பேய் வீடுகளைக் காட்டும் புது நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேடினார்கள். பேய்க்கு முன்னால் நடுங்காமல் பேசுகிறவருக்கே வேலை. எங்கள் பழைய வாடகை வீட்டில் பாப்பாவின் தொட்டில் தானாக ஆடுகிறது என்று போன் செய்தேன்.

தானாக எங்கே ஆடும்? உத்திரத்து ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் துணித் தொட்டில் அது. அதில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டேன்.

குமுதா பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"கொசுவலைக் கயிறு."

"கொசுவலைய யாரு கால் விரல்ல கட்டுவா?"

"வாதத்துக்கு நல்லதாம்."

"வெறும் தொட்டில ஆட்டினா பிள்ளைக்கு ஆகாது, தெரியும்லா?"

"இப்ப யாரு ஆட்டப் போறா?"

அவள் சிரித்தாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டு சலேஹா அக்காவிடம் கொடுக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இயக்குநர் டெஸ்மண்ட் வந்தார், கேமராவோடு அஃபிக்கும். மழை பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்தார்கள். மூலையில் தொட்டில் துணி மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"நேயர்களே, எனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று ஆரம்பித்து விரலை அசைத்தேன்.

ஆடவில்லை.

இன்னும் இழுத்தேன். கனத்தது. வெறும் துணி எப்படிக் கனக்கும்? பலங்கொண்டு இழுத்தேன். கிரீ...ச். ஸ்பிரிங் இறங்கியது, ஏறியது. துணியின் அடிப்பக்கம் ஒரு பிள்ளையின் அளவுக்கு உருண்டு தொங்கியது. பாப்பாவின் அழுகையோ சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அப்படியென்றால் இதற்குள் யார்?

"சூப்பர்ண்ணே! உள்ள கைய விடுங்க," டெஸ்மண்ட் கிசுகிசுத்தார்.

விட்டேன். பாப்பாவின் கம்பளித் தொப்பி தட்டுப்பட்டது. தொப்பிக்குள் தலை. ஈரமாக, ஐஸ் மாதிரி. முடி இல்லை. மெல்லத் தடவினேன். மூக்கும் இல்லை.

ஓடினேன். திரும்பிப் பார்த்தால் தொட்டில் எம்பி எம்பி என்னைத் துரத்துகிறது! நரம்பு என் விரலில் இருப்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? "அம்மா!" என்று விழுந்து, டெஸ்மண்டின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

குமுதா வந்து விளக்கைப் போட்டாள். தொட்டிலுக்குள் கை விட்டுச் சாவகாசமாக அதை வெளியே எடுத்தாள்.

அம்மிக் குழவி.

"இப்பத்தான் மசாலா அரைச்சுக் கழுவினேன், ஈரம் காயல."

"இத ஏன்டி உள்ள போட்ட?"

"சொன்னா கேக்கவா போறீங்க? ஆட்டத்தான் போறீங்க. உள்ள ஏதாச்சும் கிடந்தா தோஷமில்ல. பேர் வைக்கிற அன்னிக்கு உங்கம்மாவும் முதல்ல குழவியத்தானே கிடத்தினாங்க?"

"தொப்பி?"

"மழை பெய்யுதுல்லங்க."

அஃபிக் கேமராவை நிறுத்தவே இல்லை. டெஸ்மண்ட் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போனார்.

"அக்கா, உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"பயந்துகிட்டிருந்தா யாரு தம்பி துணி துவைக்கிறது?"

இப்போது அந்த நிகழ்ச்சிக்குக் குமுதாதான் தொகுப்பாளர். அவள் ஒவ்வொரு பேய் வீட்டுக்குள்ளும் சிரித்துக்கொண்டே நுழைகிறாள். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து, நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேய் வீடுகளின் வாசலில் நிற்கும் படப்பிடிப்பு வேனில் உட்கார்ந்திருக்கிறேன்.