அரை ஆயுள் உங்களுடையது அல்ல, அத்தான்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளும் நல்ல சுகம். அங்கே தாங்கள் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. ஆனால் தாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடிய அன்று துணைக்கு வந்திருந்தவனே நான்தான் என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்டால் கடிதத்தை அந்த இடத்திலேயே கிழித்துப் போடுவீர்கள். ஆகவே அக்கா சுகமா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

கடிதம் எழுதும் காலமா இது என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. என்ன செய்வது? போன் செய்தால் எடுக்கிறீர்கள், பேசுவதில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் வருகிறது. அக்காவிடம் கேட்டால், "அவரு கார விட்டு எறங்க மாட்டேங்கிறாரு. கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. சாப்பாட்டத் தட்டுல வச்சு நீட்டுனா கதவத் தொறந்து வாங்கிக்கிறாரு, திரும்பவும் சாத்திக்கிறாரு" என்கிறாள். அதுவும் ஓட்டுகிறவர் இருக்கையில் இல்லையாம், பக்கத்து இருக்கையிலாம். காலம் முழுவதும் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் யாருமே இல்லாத காரில், கற்றுக்கொடுப்பவருக்கென்று வைத்த பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு எதை நிறுத்தப் பார்க்கிறீர்கள், அத்தான்? தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும் வரையாவது காலை எடுத்து வையுங்கள்.

அன்று நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து அக்கா சொல்லிவிட்டாள். என் பக்கத்தையும் கேளுங்கள். டாக்டர் வந்தபோது நான் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தேன். மற்ற மருந்துகள் எல்லாம் கையை விரித்துவிட்டதால் புற்றுநோய்க்குப் புதிதாக ஒரு மருந்து கொடுக்கப்போவதாகவும், அதில் ஆக்டினியம் என்ற கதிர்வீசும் உலோகம் இருப்பதாகவும், அதன் அரை ஆயுள் பத்து நாள் என்றும் அவர் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் காதில் விழுந்தது "அரை ஆயுள்", "பத்து நாள்" இரண்டு மட்டுமே. மருந்து ஏறினால் பத்தே நாளில் பாதி ஆயுள் போய்விடும் என்று நீங்களே கணக்குப் போட்டு, முதுகுப் பக்கம் திறந்திருக்கும் அந்த ஆஸ்பத்திரி அங்கிக்கு மேல் என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். நான் இரண்டு கோப்பையோடு மேலே வந்தால் கட்டிலில் தலையணையும் நீங்கள் உருவிப் போட்ட, உங்கள் பெயர் எழுதிய கைப்பட்டையும்தான் கிடக்கின்றன. கழிவறைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்து நான் கட்டிலில் உட்கார்ந்தேன், அதுதான் நான் செய்த தப்பு. உள்ளே வந்த நர்ஸ், "கைப்பட்டைய ஏன் பெரியவரே கழட்டுனீங்க? சின்னப் புள்ளையா நீங்க?" என்று அதை எடுத்து என் கையில் மாட்டினார். "அம்மா, நான் அவர் இல்லம்மா" என்றேன். "ஊசியப் பாத்தா எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே ரத்தம் எடுத்துவிட்டார். உங்கள் கோப்பில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருப்பதாக எழுதியிருந்தால் பதறாதீர்கள், அது என் சர்க்கரை. மழைக்கோட்டுக்கு ஒன்றும் அவசரம் இல்லை, இங்கே மழையும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்து, ஆயுள் என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே குடும்பம் நடத்தியவன் நான். அரை ஆயுள் என்று ஒரு சங்கதி இருப்பது எனக்கே தெரியாது. நீங்கள் ஓடிவிட்ட செய்தியோடு வீட்டுக்கு வந்து, அக்கா போனில் சொன்னதைக் கேட்டு, "ஏம்மா, மாமாவுக்குப் பத்து நாள்தானா?" என்று மகளைப் பிடித்துக் கேட்டேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அரை ஆயுள் மாமாவோடது இல்லப்பா, மருந்தோடது! பத்து நாள்ல அது பாதியாகிடும். அடுத்த பத்து நாள்ல அந்தப் பாதியில பாதி. அது கரைஞ்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் சீக்கிரம் போடணும்னு டாக்டர் சொன்னது" என்றாள். அதாவது, நீங்கள் பயந்து ஓடினீர்களே, அந்த உலோகம்தான் அத்தான் பாவம். அதற்குத்தான் ஆயுள் போதாது.

இந்த ஒரு தடவை மட்டும்தான் இப்படி விழித்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள், என் பழைய கூத்து இதைவிடப் பெரிது. மகள் வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில், "இந்த வாரம் பசுவைக் கறக்கணும், நான் லீவு போட முடியாது" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அணு ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறோம், இங்கே பார்த்தால் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறாளே என்று மனசு ஆறவில்லை. பிறகு, அதுவும் உழைப்புதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மா மறுநாள் காலையில் மூடி போட்ட பாத்திரத்தோடு வந்து, "கலப்படம் இல்லாத பாலா கெடைக்கும்னு உங்கப்பா சொன்னாரு" என்று மகளிடம் நீட்டினார். அவளும் விளையாட்டாக, "பால் இருக்கு ஆன்ட்டி. ஆனா நீங்க பாத்திரத்த காரீயத்துல செஞ்சு எடுத்துட்டு வரணும்" என்றாள். எக்ஸ்ரே கதிருக்குக் காரீயத் தடுப்பு வைத்துப் பழகியவர் அல்லவா, அன்றிலிருந்து அந்த அம்மா எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டிவிடுகிறார்.

பசு என்பது அந்தத் தொழிலில் வழங்கும் பேச்சு. தோரியத்தில் ஒரு வகை உண்டு. அதுதான் தாய். நிதானமான ஜீவன், பாதியாகக் கரையவே ஏறக்குறைய எட்டாயிரம் வருடம் எடுத்துக்கொள்ளும். அது கரையக் கரைய அதிலிருந்து ரேடியம் பிறக்கிறது, ரேடியத்திலிருந்து நம்முடைய ஆக்டினியம் பிறக்கிறது. தாயை அப்படியே விட்டுவிட்டு, ஊறி வரும் பிள்ளையை மட்டும் அவ்வப்போது வடித்தெடுப்பதைத்தான் கறப்பது என்கிறார்கள். ஐசோடோப்பு என்றால் வேறொன்றும் இல்லை, ஒரே பெயர் வைத்த பிள்ளைகள், எடைதான் ஆளுக்கு ஆள் வேறு. ஆக்டினியத்தில் அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. சிலது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், ஒன்று இருபது வருடத்துக்கு மேல் இழுக்கும். வைத்தியத்துக்கு வாய்த்தது இருநூற்று இருபத்தைந்து என்ற எடைக்காரன். உடம்புக்குள் போய், நோய் பிடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வெடித்து, பிரான்சியமாகி, அது நிமிடங்களில் அஸ்டாடைனாகி, அது தும்முவதற்குள் வேறொன்றாகி, இப்படி வம்சமே வரிசையாக நின்று அடித்துவிட்டு, கடைசியில் பிஸ்மத் என்று சாதுவாக உட்கார்ந்துவிடுகிறது. அடி பலமானது, ஆனால் கை நீளம் இல்லை. பக்கத்தில் உள்ள சில உயிரணுக்களைத் தாண்டி அதற்கு எட்டாது. ஒரு பசுவின் கீழ் உட்கார்ந்து ஒரு வருடம் கறந்தாலும் ஒரு உப்புத்தூளின் எடைகூடச் சேராதாம். அந்தத் துளியைப் பல ஆட்களுக்குப் பங்கு வைக்கிறார்கள். இப்படி ஒன்றைப் படைத்தவனையும் நினைத்து அசந்துபோகிறேன், அதைப் பிடித்து வேலை வாங்குகிறவர்களையும் நினைத்து அசந்துபோகிறேன்.

ஊழியர்களின் வீட்டாரை உள்ளே அழைத்துக் காட்டும் நாள் ஒன்று வந்தது. நானும் போனேன். மார்பில் ஒரு சின்ன வில்லையைக் குத்திவிட்டார்கள், கதிர் பட்டால் அது காட்டிக்கொடுக்குமாம். நான் அடிக்கடி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. வெளியே வரும்போது வாசல் காவலர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கதிர் ஒண்ணும் படல சார். கழுத்துக்குத்தான் தைலம் போடணும்" என்றார். அதை விடுங்கள். உள்ளே ஒரு முழத் தடிமனில் மஞ்சள் பாரித்த கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள் இரண்டு இரும்புக் கைகள். இந்தப் பக்கம் மகள் நின்று பிடியை அசைத்தால் அந்தப் பக்கம் இரும்பு விரல் அசைகிறது. கடுகு போன்ற ஒரு மூடியைத் திருகி எடுத்து, குப்பியைச் சாய்த்து, ஒரு சொட்டை வேறு குப்பிக்கு மாற்றி, மறுபடி மூடினாள். யாரும் இருமக்கூட இல்லை. உங்களிடம் கார் பழகிய நாட்களில் மதில், மரம், போலீஸ்காரர் சைக்கிள், கடைசியில் உங்கள் சொந்த வாசல்கதவு என்று ஒன்றையும் விட்டுவைக்காத பெண்ணா இவள் என்று வாயைப் பிளந்து நின்றேன். பிறகு விளக்கை அணைத்தாள். குப்பி இருந்த இடத்தில் நீலமாக ஒரு வெளிச்சம், அத்தான். யாரும் தீ வைக்காமல், கம்பி இழுக்காமல், தானாகவே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "என்னப்பா, பயமா இருக்கா?" என்றாள். "பயமில்லம்மா, பெருமையா இருக்கு" என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமைக்கு உங்கள் பங்கு தயாராகிறது. கறப்பவள் உங்கள் மருமகள். வழக்கமாக எந்தக் குப்பி எந்த ஆளுக்கு என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். இந்தத் தடவை தெரியும். அன்றைக்கு நீங்கள் கட்டிலில் இருக்க வேண்டும். எங்கள் காப்பீட்டில்கூடத் தவணை தவறினால் சலுகை நாட்கள் உண்டு, இதற்கு அதெல்லாம் கிடையாது. நீங்கள் காரில் கோபமாக உட்கார்ந்திருந்தாலும் சரி, சமாதானமாக உட்கார்ந்திருந்தாலும் சரி, அது பாட்டுக்குக் கரைந்துகொண்டே போகும். ஆகவே அக்காவையும் அழைத்துக்கொண்டு, முழு உடுப்போடு, கிளம்பி வாருங்கள். உங்களுக்குக் கண்டிப்பாகக் குணமாகும். நான் உத்தரவாதம் தருகிறேன், கண்டிப்பாகக் குணமாகும். ஒரு தொந்தரவும் இருக்காது, ஊசி போட்டதே தெரியாது. அடுத்த வருடம் இதே நேரம் நீங்கள் யாரையாவது காரில் உட்காரவைத்துத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் என்று முடிப்பார்கள். அந்த வீட்டில் பெரியவரும் நீங்கள்தான், அடம் பிடிக்கும் சின்னவரும் நீங்கள்தான், இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். பசு வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். வியாழக்கிழமை பற்றிய வரிகள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "கண்டிப்பாக் குணமாகும்னு யாருப்பா சொன்னா?" என்றாள். நீதானே என்றேன். "நான் சொல்லவே இல்ல. சில பேருக்கு நல்லாக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. மாமாவுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. வாய் வறண்டுபோகும், சாப்பாடு ருசிக்காது, உடம்பு அசந்துபோகும். அத ஏன் எழுதல? பொய் சொல்லி அவரக் கூட்டிட்டு வர வேணாம்" என்று என் பேனாவையே வாங்கி அந்த வரிகளை அடித்துவிட்டாள். மேலே கோடு விழுந்திருக்கும் வரிகள் அவைதான். அந்த வரிகளுக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதத்தையும் எழுதினேன், இப்போது இதில் உங்களைக் கூப்பிட ஒரு காரணமும் மிச்சமில்லை. நீங்கள் போய்விடுவீர்களோ என்ற பயத்தில்தான் கை தானாக அப்படி எழுதிவிட்டது, அத்தான். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று, இதை நான் எழுதி முடிக்கும் வரை பையோடு பக்கத்தில் நிற்கிறாள். வியாழக்கிழமைக்கான வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டாள், இதோ கிளம்பப்போகிறாள். ஆகவே இதை உங்கள் கையில் கொடுத்தது தபால்காரர் இல்லை. வேண்டியதையெல்லாம் அவளிடமே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள். நிமிர்ந்து பாருங்கள், அத்தான். எதிரே நிற்கிறவளும் பயந்துபோய்தான் வந்திருக்கிறாள்.