மட்டக்குதிரைக்குப் பதினாலு வேலி

பதினொன்றரை.

இந்த எண்ணை எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது. எதன் எண், என்ன கணக்கு என்று இப்போதே கேட்கக் கூடாது. கேட்டுவிட்டீர்களா? சரி, உங்கள் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. கடைசியில் பேசிக்கொள்வோம்.

இன்றைக்கு நாம் பார்க்கப் போகிற பிராணியின் பெயர் இன்னொரு விவரக்காரர். எல்லா ஊரிலும் உண்டு. இலங்கையில் கேகாலைப் பக்கம் மழை ஜாஸ்தி என்பதால் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. இதைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி உட்கார்ந்திருப்பான், இவர் நடையாய் நடப்பார். கஞ்சன் என்றும் நினைக்காதீர்கள். கஞ்சன் "வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவான். இவர் தன் ஆயுளில் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. வேண்டும் என்று சொன்னதும் கிடையாது. கடைக்குள் நுழைவார், பொருளைத் தொடுவார், தூக்கிப் பார்ப்பார், கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார், விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், "இது எத்தனை கிலோ?" என்பார், "இதுக்கு மேல ஒண்ணு இருக்கா?" என்பார், அதையும் இறக்கிக் காட்டினால் "இதுக்கும் அதுக்கும் நடுவுல?" என்பார், மூன்றையும் கைபேசியில் படம் எடுப்பார், "வர்றேன்" என்பார். வரவும் செய்வார். அதுதான் கொடுமை.

முடிவெடுக்க மாட்டீர்களா என்று கேட்டால் இவருக்குக் கோபம் வரும். "எடுக்கத்தானே போறேன்? ஒரு விவரம் மட்டும் வரட்டும்." அந்த ஒரு விவரம் வரும். வரும்போது தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரும்.

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஸ்டோரில் வேலை செய்கிறார் சுதாகரன். இந்த இனத்தில் இவ்வளவு முற்றிய ஆளை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கப் போய், நிறம் முடிவாகாமல், தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டியவர். கட்டியது கிருஷ்ணகுமாரியின் கழுத்தில். அவள் பால் வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக ரப்பர் மரத்தில் கத்தி வைக்கிறாள். ஒரு மரத்துக்கு இத்தனை வினாடிதான் என்ற பிழைப்பில் யோசிக்க நேரம் ஏது?

இந்த வீட்டில் ஒரு மட்டக்குதிரை இருக்கிறது. தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ரோடு இல்லாத நாளில் பால் வாளிகளை முதுகில் சுமந்து, எடை போடும் நிறுவைக் கொட்டகைக்கு இறக்கியது அதுதான். கொங்கிரீட் ரோடு போட்டு டிராக்டர் வந்ததும் தோட்டம் அதை ஏலம் போட்டது. கிருஷ்ணகுமாரி எடுத்தாள். அத்தனை வருஷம் கூடவே மலை ஏறி இறங்கிய சீவனை யாரிடம் கொடுப்பாள்? அதற்குப் பெயர் சின்னத்தொரை. வேலை குறைவு, தலை நிமிர்வு அதிகம் என்பதால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் வைத்த பெயர். உண்மையான சின்னத்தொரை, அதாவது தோட்டத்து உதவி மனேஜர், அந்தப் பக்கம் வந்தால் மட்டும் எல்லோரும் "குதிரை" என்பார்கள்.

ஏலம் எடுத்த பிறகு குதிரைக்குப் புது உத்தியோகம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம். லொறியில் ஏற்றிக்கொண்டு போனால் போதும். போன இடத்தில் கட்டி வைப்பதுதான் பாடு. கேகாலையில் ஒரு போட்டிக்குப் போனபோது, மரத்தில் கட்டுவதா கம்பத்தில் கட்டுவதா என்று சுதாகரன் இரண்டையும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து முடிக்கிற வரைக்கும் என்று கயிற்றை ஆள் உட்காருகிற ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கட்டியிருந்தார். குதிரை கதிரையோடு கிளம்பியது. பஸ் நிலையத்துக்குப் போய், ருவான்வெல்லை பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் ஒழுங்காகக் கடைசி ஆளாக நின்றது. ஒருவரையும் இடிக்கவில்லை. யாரோ வீடியோ எடுத்தார்கள். தோட்டத்து மனேஜரான பெரிய தொரையின் மனைவி வரைக்கும் அது போய்விட்டது.

தொரை கடிதம் கொடுத்தார். இன்னொரு தடவை அவிழ்ந்து போனால் லயத்தில் குதிரைக்கு இடம் கிடையாது. அப்படிப் போனால் ஒரு வாரத்தில் அப்புறப்படுத்த வேண்டும். கிருஷ்ணகுமாரி அதை மூன்று தடவை படித்து மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"கூடவே கொண்டு போற மாதிரி ஒரு வேலி வாங்குங்க. போற எடத்துல போட்டு, வர்றப்ப மடிச்சு எடுத்துட்டு வந்துரலாம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா? சுதாகரன் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார்.

ஏழு மாதம் ஓடியது. கொப்பியில் பதினாலு வேலி ஏறியது. குழாயில் செய்த மடக்குத் தட்டி: உறுதி, ஆனா பாரம். பற்றரியில் ஓடுகிற கரண்ட் நாடா: பாரமில்லை, ஆனா பற்றரி தீர்ந்தால் அது வெறும் றிபன் என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். இரண்டு மரத்துக்கு நடுவில் தலைக்கு மேலே இழுத்துக் கட்டுகிற கயிறு: நல்லது, ஆனா போகிற இடத்தில் இரண்டு மரம் இருக்க வேண்டும், அவை ஒன்றுக்கொன்று தெரிந்தவர்கள் மாதிரி பக்கத்தில் நிற்க வேண்டும். மண்ணில் அடிக்கிற இரும்பு முளை: சுலபம், ஆனா மழை பெய்த மண்ணில் முளையும் குதிரையும் சேர்ந்தே போகும். கால்கட்டு: மலிவு, ஆனா கிருஷ்ணகுமாரி பார்த்த பார்வை. ஆனாவுக்கென்றே தனியாக ஒரு கட்டம் கீறியிருந்தார். எல்லாக் கட்டத்தையும் விட அதுதான் அகலம்.

இத்தனை விவரமும் வரக்காப்பொலையில் ஹில்மியின் இரும்புக்கடையில் சேர்ந்தது. ஹில்மிக்குப் பொறுமை அதிகம். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

"சுதாகர், ஒரு வெசயம் செல்லட்டா? ஏழு மாசமா என்ட கடைக்கு வாரீங்க. ஒரு ஆணியாவது வாங்கினீங்களா?"

"வாங்கத்தான் வந்தேன், ஹில்மி நானா. இந்தக் குழாய் ஒரு அடி எத்தன கிலோ வரும்?"

"போன மாசமும் கேட்டீங்க."

"அது பழைய லொட்டு. இது புதுசு இல்லையா?"

"அல்லாவே! குதிர ஈக்கிதா, இல்லாட்டி செத்துப்போச்சா?"

"இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கொண்டு வாங்க. வாற ஞாயித்துக்கெழம மகன் றினாஸ்ட கல்யாணம். மாப்பிள்ள குதிரையிலதான் மண்டபத்துக்கு வரோணும் எண்டு நிக்கிறான். காலையில ஒம்பதுக்கெல்லாம் வந்துருங்க, படம் எடுக்கிறவன் வாரான். ஊர்வலம் நாலு மணிக்கு. அதுவரைக்கும் மண்டபத்துக்குப் பின்னால வளவுல கட்டி வைங்க. எனத்தையாவது ஒண்ட எடுங்களே இப்ப!"

எடுத்தாரா? மூன்று மாதிரி எடுத்தார். இரவலாக. ஒரு முளை, ஒரு சுருள் கயிறு, பற்றரி இல்லாத ஒரு கரண்ட் நாடா. "எடத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

ஞாயிறு காலை லொறி வரக்காப்பொலையில் நின்றது. மண்டபத்துக்குப் பின்னால் வெறும் நிலமாக வளவு. வளவுக்கு அந்தப் பக்கம் மதில் கிடையாது, கண்டி ரோடு. பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகின்றன. வளவில் ஒரே ஒரு பலாமரம். சுதாகரன் கொப்பியைத் திறந்தார். குனிந்து மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"மண்ணு எளகிக் கெடக்கு. முளை நிக்காது."

"அப்ப கயிறு?" என்றாள் கிருஷ்ணகுமாரி. கடிவாளம் அவள் கையில்.

"ஒரு மரந்தானே இருக்கு? லொறிய இன்னொரு மரமா வெச்சா... ஆனா லொறிக்காரர் பத்து மணிக்குப் போகணுங்கிறாரு."

"நாடா?"

"பற்றரி எத்தன வோல்ட்டுன்னு நானாகிட்ட கேக்கணும்."

"நானா மாப்பிள்ளக்கித் தொப்பி தேடிக்கிட்டு நிக்கிறாரு! இத நான் எவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"அவசரப்படாத குமாரி. அவசரப்பட்டுத்தான் கதிரையில கட்டினேன்."

குதிரை ரோட்டைப் பார்த்தது. ஒரு பஸ் ஹோர்ன் அடித்ததும் காதை மடித்து மூன்று எட்டு வைத்தது. கடிவாளம் அவள் கையை அறுத்துக்கொண்டு நழுவப் பார்த்தது. இன்னும் பத்து எட்டு போனால் கண்டி ரோடு. அதற்கப்புறம் தொரையின் கடிதம்.

கிருஷ்ணகுமாரி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வரும்போதே லொறியில் தான் ஏற்றிவைத்திருந்த சாக்கு மூட்டையை ஒரு கையால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளே நிறுவைக் கொட்டகையின் பழைய தொங்கு தராசு. டிஜிட்டல் வந்ததும் தோட்டம் தூக்கிப் போட்டது. கூடவே, ரப்பர் பாலுக்கு ஊற்றுகிற அமோனியாவின் வாடை போகாத ஒரு பால் வாளி. தராசைப் பலாமரக் கிளையில் மாட்டினாள். வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொக்கியில் தொங்கவிட்டாள். முள் ஆடியது.

குதிரை திரும்பியது. தானாக வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றது. தலையைத் தாழ்த்தியது. கடிவாளத்தை அவள் கீழே போட்டாள். அது அசையவில்லை.

ஏன் அசையும்? பதினொரு வருஷம் அது பழகிய ஒழுங்கு அது. வாளி கொக்கியில் ஏறும், கணக்கப்பிள்ளை எடையைக் கூவுவார், வாளி இறங்கும், அதன் பிறகுதான் நகரலாம். எண் வருகிற வரைக்கும் வெயிலானாலும் மழையானாலும் நிற்க வேண்டும். குதிரை மட்டுமா நின்றது? அதற்கு முன்னாலும் பின்னாலும் தோட்டமே நின்றது. தலைமுறை தலைமுறையாகப் பத்தாயிரக்கணக்கான சனத்தைக் கம்பியும் இல்லாமல் குழாயும் இல்லாமல் ஒரு கொக்கியால் நிறுத்தி வைத்தார்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத வேலி. பாரமில்லை. மழைக்கு இளகாது.

"நான் சமையல் கட்டுக்கு ஒத்தாசைக்குப் போறேன். இங்கயே நில்லுங்க. நாலு மணிக்கு எடையக் கூவிட்டு வாளிய எறக்குங்க, அது வந்துரும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

போய்விட்டாள். படம் எடுக்கிறவன் வந்தான், போனான். பஸ்கள் ஹோர்ன் அடித்தன. பிள்ளைகள் பலூன் உடைத்தார்கள். குதிரை நின்றது. சுதாகரன் கொப்பியில் பதினைந்தாவதாக "தராசு" என்று எழுதி, ஆனாக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நாலு மணி. றினாஸ் தொப்பியோடு வந்து நின்றான். பின்னால் மேளம், மச்சான்மார், ஹில்மி.

"சுதாகர், வுடுங்க குதிரைய!"

சுதாகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளுக்குக் கிட்டே போனார். முள் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஆடாமல் இருக்க வாளியைப் பிடித்தார். பிடித்ததால் இன்னும் ஆடியது.

"கொஞ்சம் பொறுங்க நானா. எத்தனன்னு பாத்துச் சொல்லணும்."

"எதுக்கு?"

"சொன்னாத்தான் போகும்."

"அப்ப செல்லுங்களேன்!"

"சரியாச் சொல்லணுமில்ல? வாளி பாரத்தக் கழிக்கிறதா, சேக்கிறதான்னு வேற இருக்கு. ஆனா..."

"எனத்தையாவது ஒரு நம்பரச் செல்லுங்க மனிசா! மகன்ட கல்யாணம்!"

மச்சான்மார் தாங்களே கூவத் தொடங்கினார்கள். "இருபது!" "நாப்பத்தஞ்சு!" மண்டபத்துக் காவல்காரர் தன் பங்குக்கு "தஹய! தஹய!" என்று சிங்களத்தில் பத்தைக் கூவினார். குதிரை ஒவ்வொரு கூவலுக்கும் காதை நிமிர்த்தியது. வாளியைப் பார்த்தது. வாளி இறங்கவில்லை. எப்படி இறங்கும்? சரியான எடை தெரியாமல் ஒருவரும் தொடக்கூடாது என்று சுதாகரன் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். றினாஸ் கையைக் கட்டிக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நின்றான். நாலரை மணி. மண்டபத்துக்குள் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணகுமாரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினொன்றரை!"

மேட்டு லயம் வரைக்கும் கேட்கிற குரல். வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். குதிரை மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டுக் காலைத் தூக்கியது. றினாஸ் ஏறினான். மேளம் எழும்பியது. ஊர்வலம் போயே போய்விட்டது. கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

சுதாகரன் மட்டும் அவள் பின்னால் ஓடினார்.

"பாக்காமலே எப்புடிச் சொன்ன?"

"கணக்கப்புள்ள மட்டும் பாத்தா சொன்னாரு? இருபத்திரெண்டு வருசமா பாக்காமலேதான் சொன்னாரு. அவரு கொறச்சுச் சொன்னாரு."

"நீ?"

அவள் குதிரைக்குப் பின்னால் போனாள்.

இத்தோடு அவர் விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த வாளியை அப்படியே, ஒரு சொட்டு சிந்தாமல், வாழையிலையால் மூடிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை லீவு போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரக்காப்பொலைக்குப் போய், ஹில்மியின் டிஜிட்டல் தராசில் ஏற்றினார். ஹில்மி எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு ஆணியை எடுத்து வந்து சும்மா கொடுத்தார்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். பிறகு உங்கள் கைபேசியை எடுத்து, இரண்டு வருஷமாகப் படம் பிடித்து வைத்திருக்கிற அலுமாரிகளை எண்ணுங்கள். மகளின் வகுப்பு, கூரைத் தகடு, பல் வைத்தியர், இன்னும் எதெதற்கெல்லாம் ஒரு விவரம் பாக்கி இருக்கிறது? இல்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் கதை முடிந்தது, குதிரை தப்பித்தது, மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். நீங்கள் ஏன் இன்னும் போகவில்லை?

வாளியின் உண்மையான எடை என்ன என்று தெரிய வேண்டும். அதுதானே? கடிவாளமே இல்லாமல் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் பாருங்கள்.

சரி, கொக்கியிலிருந்து இறக்குகிறேன்.

ஒன்பதே முக்கால்.